கொக்கோடா மலைப்பாதை: நண்பர்களின் நடையும் பள்ளிக்கூட நிதியும்



நம் மஹல்லாவின் கல்லூரி வாலிபர்கள் சிலர் சென்ற மாதம் நமது டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு மனு தந்தார்கள். வெளிநாடுகளில் நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து, பழைய போர்ப் பாதைகளில் பல நாள் நடந்து, பள்ளிக்கூடங்களுக்கு நிதி திரட்டுகிறார்கள். அதுபோல நாமும் நடந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் நம் பிள்ளைகளுக்காக நிதி சேர்க்கலாமே என்பது அந்த மனுவின் சாரம்.

நிர்வாகக் குழுவில் இரண்டு விதமான கருத்து எழுந்தது. "கொடுக்கிறவர் கொடுத்துவிட்டுப் போகட்டும், அதற்கு எதற்கு நடக்க வேண்டும்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். "நடந்தால்தானே நாலு பேர் என்ன விஷயம் என்று கேட்பார்கள்" என்றார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே, இத்தகைய நடைகளில் மிகவும் பேர்பெற்ற கொக்கோடா பாதையைப் பற்றியும், அங்கே பள்ளிகளுக்கான நிதி எப்படித் திரட்டப்படுகிறது என்பது பற்றியும், அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்பது பற்றியும் இந்த இதழில் விளக்கமாக எழுதுகிறோம்.

பாதை எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பெரிய தீவு நியூ கினியா. அதன் கிழக்குப் பாதி பப்புவா நியூ கினியா என்ற தனி நாடு. 1975-இல் சுதந்திரம் பெற்றது. 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாடு அது. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையே மொழியே மாறிவிடும். அதற்குக் காரணம் அங்குள்ள நில அமைப்புதான். நடுவே ஓவன் ஸ்டான்லி என்ற மலைத்தொடர் சுவர்போல் எழுந்து, தெற்குக் கரையில் உள்ள தலைநகர் போர்ட் மோர்ஸ்பியையும் வடக்குக் கரையையும் பிரிக்கிறது.

அந்தச் சுவரைக் குறுக்கே கடக்கும் ஒற்றையடிப் பாதையின் பெயர்தான் கொக்கோடா. தெற்கே ஓவர்ஸ் கார்னர் என்ற இடத்தில் தொடங்கி வடக்கே கொக்கோடா என்ற ஊரில் முடிகிறது. நீளம் 96 கிலோமீட்டர். சமதரையில் இது நமக்குப் பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் அங்கே ஒரு முகடு ஏறி இறங்கினால் ஆறு, ஆற்றைக் கடந்தால் அடுத்த முகடு என்று போய்க்கொண்டே இருக்கும். உயரமான இடத்தில் பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,190 மீட்டரில் செல்கிறது. நமது ஊட்டி நகரின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். சேறும் மரவேரும் மழையும் சேர்ந்து, வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைக் கடக்கப் பொதுவாக எட்டு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் கால் வேறு. 2008-இல் நடந்த ஓட்டப் பந்தயத்தில் பிரெண்டன் புகா என்ற உள்ளூர் வாலிபர் 17 மணி நேரத்துக்குள் முழுப் பாதையையும் கடந்தார்.

இன்றும் அந்தப் பாதையில் வண்டி போகாது. மெனாரி, எஃபோகி போன்ற சில ஊர்களில் மலைச்சரிவைச் சமன்செய்து அமைத்த சிறு விமான ஓடுதளங்கள் உண்டு. மற்றபடி எது வந்தாலும் மனிதத் தோளில்தான் வர வேண்டும். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

1942-இல் நடந்தது என்ன?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மிக வேகமாகத் தெற்கே இறங்கியது. 1942 ஜனவரியில் ரபவுல் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த கதையை நம் ஊர்களில் அங்கே வியாபாரம் செய்த குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த குறி போர்ட் மோர்ஸ்பி. மே மாதம் பவளக் கடலில் நடந்த கடற்போரால் கடல்வழிப் படையெடுப்பு தடைப்பட்டது. எனவே ஜப்பானியப் படை 1942 ஜூலை 21-இல் வடகரையில் கோனா அருகே இறங்கி, மலையைக் கடந்து தலைநகரைப் பிடிக்கப் புறப்பட்டது. அதற்கு இருந்த வழி இந்த ஒற்றையடிப் பாதை ஒன்றுதான்.

அப்போது பப்புவா ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்தது. எதிர்த்து நிற்க முதலில் அனுப்பப்பட்டவர்கள் பயிற்சி குறைந்த வாலிபர்கள் நிறைந்த 39-ஆம் பட்டாலியன். உடன் பப்புவா மக்களைக் கொண்ட ஒரு காலாட்படையும் நின்றது. ஆகஸ்ட் கடைசியில் இசுராவா என்ற ஊரில் கடும் போர் நடந்தது. ஆஸ்திரேலியப் படை பின்வாங்கிப் பின்வாங்கிச் சண்டையிட்டது. செப்டம்பர் நடுவில் ஜப்பானியர் இயோரிபைவா முகட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து போர்ட் மோர்ஸ்பி திசையின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அவர்களுக்குச் சோறு வந்து சேரவில்லை. மலைக்கு அப்பாலிருந்து உணவும் மருந்தும் வருவதற்குள் படை பட்டினியில் வாடியது. அந்த மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து திரும்பும்படி உத்தரவு வந்தது. ஆஸ்திரேலியப் படை பின்தொடர்ந்து நவம்பர் 2-இல் கொக்கோடாவை மீட்டது.

ஆஸ்திரேலியர் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1,600-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். குண்டுபட்டவர்களைவிட மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் விழுந்தவர்கள் மிக அதிகம். ஜப்பானியரின் இழப்பும் பெரிது. போர்ட் மோர்ஸ்பிக்கு அருகே பொமானா என்ற போர்க் கல்லறையில் அந்த வட்டாரப் போர்களில் மாண்ட 3,800-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

போர் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. இரண்டு வெளியூர்ப் படைகள் மூன்றாவது ஒருவரின் வீட்டுத் தோட்டத்துக்குள் வந்து சண்டையிட்டன என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம்.

சுமந்தவர்கள்

அந்தப் போரில் அரிசி, பிஸ்கட், தோட்டா, போர்வை எல்லாமே தோளில் ஏறித்தான் முன்களத்துக்குப் போயின. திரும்பி வரும்போது அதே தோள்கள் காயம்பட்டவர்களைச் சுமந்தன. ஒரு டோலிக்கு எட்டுப் பேர் வேண்டும். வழுக்கும் சரிவில் டோலி சாயாமல், இரவில் காயம்பட்டவரின் நான்கு பக்கமும் ஆள் படுத்துக் காவல் இருந்து, நாள் கணக்கில் நடந்து அவர்களைச் சேர்த்தார்கள். உயிர் பிழைத்த சிப்பாய்கள் இவர்களை "சுருட்டை முடி வானவர்கள்" என்ற பொருள்பட அன்போடு அழைத்தார்கள்.

1942 டிசம்பர் 25-இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. கண்களில் கட்டுப் போட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரை, ராஃபேல் ஓயிம்பாரி என்ற பப்புவா மனிதர் புல்வெளி வழியே கைத்தாங்கலாக அழைத்து வருகிறார். சிப்பாயின் கையில் ஊன்றுகோல். மற்றொரு பக்கம் அந்த மனிதரின் கை. பகை, நட்பு என்ற கணக்கெல்லாம் கடந்த காட்சி அது.

ஆனால் அன்போடு வைத்த பெயருக்குப் பின்னால் ஒரு கசப்பும் இருக்கிறது. இந்தச் சுமைக்காரர்களில் பலர் தாமாக வந்தவர்கள் அல்லர். 1942 ஜூனில் ஆஸ்திரேலிய ராணுவ நிர்வாகம் ஆட்களைக் கட்டாயமாகத் திரட்ட உத்தரவிட்டது. ஊரில் திடமான ஆண்கள் இல்லாமல் போனார்கள். தோட்ட வேலையும் வேட்டையும் நின்றன. பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் பசியைத் தாங்கினார்கள். மாதக் கூலி சில ஷில்லிங்குகள். ஜப்பானியர் பக்கத்திலும் இப்படிக் கட்டாயமாகச் சுமக்க வைக்கப்பட்டவர்கள் உண்டு. எத்தனை சுமைக்காரர் இறந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு வைக்கப்படவில்லை. உயிரோடு இருந்த சிலருக்கு ஆஸ்திரேலிய அரசு நினைவுப் பதக்கம் கொடுக்கத் தொடங்கியது 2009-இல்தான். அதற்குள் 67 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தச் செய்தி நமக்கு அந்நியமானது அல்ல. அதே போரில், அதே ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டுபோனார்கள். போர்க்கைதிகளாக இறந்த சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக நிற்கிறது. அங்கே இறந்த நம் தொழிலாளர்களுக்கு அப்படிப்பட்ட வரிசை இல்லை. போரை நினைவுகூர்கிறோம் என்று யார் சொன்னாலும், யாருடைய பெயர் அங்கே எழுதப்படவில்லை என்று பார்க்க இது நமக்குக் கற்றுத்தருகிறது.

நடையும் பள்ளிக்கூடமும் எப்படிச் சேர்ந்தன?

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கோடா பாதையில் நடக்க வந்த வெளியூர்க்காரர்கள் மிகச் சிலரே. பின்னர் ஆஸ்திரேலியர்களிடையே ஆர்வம் பெருகி, 2008-இல் ஒரே ஆண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்தார்கள். தாத்தா சண்டையிட்ட மண்ணைப் பார்க்க வந்தவர்கள், கூடப் படித்த நண்பர்கள், ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் எனப் பல வகையினர் வந்தார்கள். இசுராவாவில் 2002-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் நான்கு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. துணிவு, பொறுமை, தோழமை, தியாகம் என்ற பொருள்தரும் சொற்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன.

நடக்க வந்தவர்கள் வழியில் இரவு தங்குவது மலைக்கிராமங்களில். காலையில் எழுந்தால் பள்ளிக்கூடம் கண்ணில் படும். சில இடங்களில் ஓலைக்கூரை, மண்தரை, ஒரு கரும்பலகை. சில இடங்களில் கட்டடம் இருக்கும். ஆசிரியர் இருக்க மாட்டார். மலைக்கிராமத்துக்கு நியமிக்கப்படும் ஆசிரியர் சம்பளம் வாங்கவும் சாமான் வாங்கவும் நகரத்துக்கு இறங்கினால் திரும்பி ஏறப் பல நாள் ஆகும். வெளியூரிலிருந்து வந்தவராக இருந்தால் திரும்பாமலே போவதும் உண்டு. தன் மூட்டையைத் தூக்கிவந்த சுமைக்காரரின் பிள்ளை அந்த ஆளில்லாத பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று நடப்பவருக்குத் தெரியவரும்போது, ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் தானாக வருகிறது. அவருடைய பாட்டனைத் தூக்கிச் சுமந்தது இவருடைய பாட்டனாகக்கூட இருக்கலாம் அல்லவா?

இப்படித்தான் நண்பர்கள் குழுக்கள் பள்ளிகளுக்காக நிதி சேர்க்கத் தொடங்கின. 2003-இல் ஆஸ்திரேலியாவில் அமைந்த கொக்கோடா டிராக் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம், பாதையோர மக்களின் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் உதவி வருகிறது. அது செய்த வேலைகளில் நாம் முக்கியமாகக் கருதுவது, அந்தந்தக் கிராமத்து வாலிபர்களையும் பெண்களையும் தொடக்க வகுப்பு ஆசிரியர்களாகப் பயிற்றுவித்ததுதான். தன் ஊரில், தன் வீட்டில் இருந்து பாடம் நடத்துபவர் மலையை விட்டு இறங்கிப் போய்விட மாட்டார்.

மேலே நாம் மனத்தில் வைக்கச் சொன்னதை இங்கே நினைவுபடுத்துகிறோம். வண்டி போகாத ஊரில் ஒரு தகரக் கூரையும் ஆணிப் பெட்டியும் சேர்வதற்கே விமானக் கூலியோ தோள்கூலியோ ஆகிறது. கட்டடத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போனால், இரண்டு மழைக்காலத்தில் கூரை ஒழுகும், ஆசிரியர் இல்லாமல் பூட்டு துருப்பிடிக்கும். கட்டடத்தின் முன் நின்று எடுத்த படம் மட்டும் மிஞ்சும். நல்ல எண்ணத்தோடு செய்த எத்தனையோ உதவிகள் இப்படி முடிந்ததை நம் நாட்டிலும் பார்க்கிறோம்.

பணம் திரளும் விதம்

நண்பர்கள் சிலர் சேர்ந்து இன்ன நாளில் இன்ன பாதையை நடக்கப்போகிறோம் என்று அறிவிக்கிறார்கள். உறவினர், அண்டை வீட்டார், உடன் வேலை பார்ப்போர், கடைக்காரர் ஆகியோரிடம் "எங்கள் நடையை முன்னிட்டு இந்தப் பள்ளிக்கு உங்களால் இயன்றதைத் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். சிலர் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். சிலர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுப்பார்கள். இதைத்தான் ஸ்பான்சர் நடை என்கிறார்கள்.

இதற்குத் தூர தேசம் போகத்தான் வேண்டும் என்பதில்லை. 1981-இல் ஹாங்காங்கில் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கிய டிரெயில்வாக்கர் நடை பிறகு பொதுமக்களுக்கும் உரியதாகி, பல நாடுகளில் நடந்தது. 2012-இல் பெங்களூருக்கும் வந்தது. நால்வர் கொண்ட குழு 100 கிலோமீட்டரை 48 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியிலும், கொக்கோடாவின் நினைவாக, உள்ளூர் மலைகளிலேயே 96 கிலோமீட்டரை 39 மணி நேரத்தில் நடந்து வாலிபர் நலனுக்கு நிதி திரட்டுகிறார்கள். 96 பாதையின் நீளம்; 39 அந்தப் பட்டாலியனின் எண்.

நால்வராக நடப்பதில் ஒரு நுட்பம் உண்டு. வேகமாக நடப்பவர் முன்னால் போய்ப் பயனில்லை. கால் வலிக்கிறவரின் வேகம்தான் குழுவின் வேகம். நம் ஜமாஅத்துத் தொழுகையில் பின்னால் நிற்கும் முதியவரையும் நோயாளியையும் எண்ணி இமாம் தொழுகையைச் சுருக்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட நமக்கு இந்த ஒழுங்கு புதியதல்ல.

இதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பயணச் செலவு யாருடையது என்பது. பப்புவா நியூ கினியா சென்று நடந்து திரும்ப ஒருவருக்குப் பல ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும். அதைத் தன் கையிலிருந்து செலவழித்து, திரட்டிய பணம் முழுவதையும் பள்ளிக்குக் கொடுப்பவர் உண்டு. திரட்டிய பணத்திலேயே தன் டிக்கெட்டையும் எடுத்துக்கொள்பவரும் உண்டு. முன்னவர் செய்வது தர்மம். பின்னவர் செய்வது அடுத்தவர் காசில் சுற்றுலா. கொடுப்பவர்கள் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர்கள் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி, சுமப்பவரின் கூலி. இன்றும் கொக்கோடாவில் நடப்பவர்களின் மூட்டைகளை உள்ளூர் வாலிபர்கள்தான் தூக்குகிறார்கள். அவர்களுக்கு நியாயமான கூலி, அளவான சுமை, படுக்க இடம், திரும்பிப் போக வழிச்செலவு இவையெல்லாம் கிடைக்கின்றனவா என்பது அங்கே தொடர்ந்து பேசப்படும் விஷயம். சுமைக்காரரின் கூலியைக் குறைத்து மிச்சம்பிடித்து அவர் பிள்ளைக்குப் பள்ளி கட்டித் தருவதில் என்ன நன்மை இருக்க முடியும்? வேலை செய்தவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு அழுத்திச் சொன்னார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

மூன்றாவது, மண்ணுக்கு உரியவரின் சம்மதம். பப்புவா நியூ கினியாவில் நிலத்தின் பெரும்பகுதி பரம்பரை வழக்கப்படி குலங்களுக்குச் சொந்தம். பாதையும் அப்படித்தான். 2008-இல் ஒரு சுரங்கத் திட்டம் சம்பந்தமான தகராறில் ஊர்க்காரர்கள் பாதையையே மூடினார்கள். நடப்பவர்கள் அனுமதிக் கட்டணம் செலுத்தித்தான் நடக்க வேண்டும். நல்ல காரியத்துக்காக வருகிறோம் என்பதால் அடுத்தவர் வாசலில் ஸலாம் சொல்லாமல் நுழைய முடியாது.

மார்க்கத்தின் பார்வையில்

பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். கொடுப்பதற்கு நடப்பானேன்?

உடலை வருத்துவது தன்னளவில் நன்மையாகிவிடாது. நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்துகொண்டு, தள்ளாத நிலையில் இரண்டு மகன்களின் தோளில் தொங்கியபடி வந்த ஒரு முதியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். தன்னைத் தானே வருத்திக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று விளக்கி, வாகனத்தில் ஏறிச் செல்லும்படி அவரிடம் கூறினார்கள். ஆகவே ஸ்பான்சர் நடையை ஓர் இபாதத்தாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அது நாலு பேரைக் கூட்டிவரும் ஒரு வழி. அவ்வளவுதான்.

ஆனால் அந்த வழியால் வரும் பலன் பெரிது. கல்விக்காகப் போரின் எச்சத்தையும் பயன்படுத்தலாம் என்பதற்கு நமக்குப் பத்ரில் முன்மாதிரி இருக்கிறது. பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. நேற்று வாளேந்தி வந்தவரையே ஆசிரியராக்கிய சமுதாயம் நாம். போர் நடந்த பாதையில் நடந்து பள்ளிக்கூடம் எழுப்புகிறார்கள் என்று கேள்விப்படும்போது, அதை வேடிக்கையாகப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

இன்னும் சில விளக்கங்கள்:

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்வது பந்தயம் ஆகுமா என்று ஒருவர் கேட்டார். பந்தயத்தில் ஒருவர் தோற்க மற்றவர் வெல்வார். இங்கே கொடுப்பவருக்குத் திரும்ப எதுவும் வருவதில்லை, நடப்பவரும் எடுத்துக்கொள்வதில்லை. இது நிபந்தனையோடு கூடிய ஸதகா வாக்குறுதி. ஆனால் "உன்னால் முடியாது, முடித்தால் நான் தருகிறேன், தவறினால் நீ தா" என்று பேசினால் அது பந்தயமாகிவிடும். அதற்கு இடம் இல்லை.

ஜகாத் பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர். நம் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் ஆலிம்கள், கட்டடம் போன்ற பொதுக் காரியங்களுக்கு ஜகாத் செல்லாது, உரிய நபரின் கையில் சேர வேண்டும் என்று கூறுவார்கள். ஏழை மாணவருக்கு நேரடியாகக் கொடுக்க விரும்புவோர் ஜகாத் என்று தனியாகச் சொல்லித் தனிக் கணக்கில் செலுத்தலாம். ஐயமிருந்தால் நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

முகஸ்துதி பற்றிய அச்சம் நியாயமானது. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்துக் கொடுப்பது அதைவிட மேலானது என்பது நமக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். நடை வெளியில் தெரியட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது தெரிய வேண்டாம். உதவி பெறும் பிள்ளையின் முகமும் பெயரும் எந்தச் சூழலிலும் வெளியே வரக் கூடாது.

பாதுகாப்பும் கணக்கும்

2009-ஆம் ஆண்டில் மட்டும் கொக்கோடாவில் நடந்த ஆஸ்திரேலியர் நால்வர் இறந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் நடைப்பயணிகளை ஏற்றிக்கொண்டு கொக்கோடாவுக்குச் சென்ற சிறு விமானம் மலையில் மோதி 13 பேர் உயிரிழந்தனர். உடலைப் பழக்காமல், மருத்துவரைப் பார்க்காமல் கடினமான நடைக்குப் போகக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் வாக்குப் பெற்றவர், மயக்கம் வந்தாலும் நிற்கத் தயங்குவார்; நின்றால் பள்ளிக்குப் பணம் குறையுமே என்று எண்ணுவார். அந்தச் சுமையை எந்தப் பிள்ளை தலையிலும் ஏற்றக் கூடாது. எனவே மொத்தத் தொகையாக வாக்குப் பெறுவதே சிறந்தது. முழுவதும் நடந்தாலும், பாதியில் உட்கார்ந்தாலும், தொகை மாறக் கூடாது.

கணக்கு விஷயத்தில், நிதி திரட்டுபவர் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பொது நிதி அமானிதம். டிரஸ்ட் கணக்கில் மட்டும் செலுத்தி, ரசீது பெற வேண்டும். 80ஜி வரிச்சலுகை வேண்டுவோர், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிடைக்காது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் உள்ள நம் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிற நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படும்; அதற்குரிய பதிவு இல்லாத டிரஸ்ட் அதைப் பெற முடியாது. அன்பின் மிகுதியால் யாரும் அனுப்பிவிட வேண்டாம்.

நாம் எடுத்த முடிவு

இவற்றையெல்லாம் ஆலோசித்து, வாலிபர்களின் மனுவை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் மலைக்கோ வெளிமாநிலத்துக்கோ போக வேண்டாம் என்று கூறினோம். நம் ஊரில் பத்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. மேல்நிலைப் பள்ளி பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலையில் ஒரு பஸ். அதிலும் நிற்க இடமில்லை. மாலையில் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. இந்த ஒரே காரணத்தால்தான் நன்றாகப் படிக்கும் பெண்பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வழி செய்து கொடுக்க வேண்டும்.

ஆகவே நம் பிள்ளைகள் நடக்கப்போவது அந்தப் பதினொரு கிலோமீட்டர்தான். பள்ளிவாசலிலிருந்து மேல்நிலைப் பள்ளி வாசல் வரை. திரளும் ஸதகா முழுவதும் மாணவிகளுக்கான வேன் செலவுக்கு. ஒரு வருடம் ஓட்டிவிட்டு நிற்கும் ஏற்பாடாக அது இருக்கக் கூடாது என்பதால், இரண்டு கல்வியாண்டுக்கான டிரைவர் சம்பளமும் டீசல் செலவும் சேர்ந்த பிறகே வேன் அமர்த்தப்படும். நடப்பவர்களின் தண்ணீர், சாப்பாட்டுச் செலவை அவரவரே பார்த்துக்கொள்வார்கள். சாமான் வண்டி ஓட்டுபவருக்கும், வழியில் சமைப்பவருக்கும் அன்றைய கூலி அன்றே கொடுக்கப்படும். வரவு செலவுக் கணக்கு அடுத்த இதழில் பைசா சுத்தமாக வெளியாகும், இன்ஷா அல்லாஹ்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் நடக்கிறேன் என்று வந்து நின்றால், அந்த வழியில் தினமும் போய்வர வேண்டிய அவனுடைய தங்கையைப் பற்றி அவனிடம் பேசுங்கள். பஸ் எங்கே நிற்கும், எங்கே விளக்கு இல்லை, எங்கே நாய்கள் கூடும் என்று நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புகளையும் நமது அலுவலகத்தில் பெற்றுக்கொள்வோம். வேன் எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவுசெய்ய அவை உதவும்.

நடக்க விரும்பும் வாலிபர்கள் பெற்றோர் கையெழுத்தோடு அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். கொடுக்க விரும்புவோர் நடை நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. நம்முடைய நிய்யத்தைச் சுத்தமாக்கி, இந்த அமானிதத்தைக் குறைவின்றி நிறைவேற்ற நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்